யார் அதிகம் முன்னேறினார்? என்.பி.ஏ. பார்க்கிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அமெரிக்காவின் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ. ஆட்டங்கள் நமக்கு விடியற்காலையில்தான் வரும். குளிர்காலத்தில் அமெரிக்கக் கிழக்குக் கரையில் ராத்திரி ஏழு மணிக்குத் தொடங்கும் ஆட்டம் இங்கே காலை ஐந்தரை. மேற்குக் கரை ஆட்டம் என்றால் எட்டரை ஆகிவிடும். பாளையங்கோட்டையில் கூடைப்பந்து ஆடுகிற பையன்கள் காலேஜ் போகிற பஸ்ஸிலேயே ஸ்கோரைப் பார்த்துவிட்டு, சாயங்காலம் ஷூ கயிறு கட்டும்போதே வழக்கை ஆரம்பித்துவிடுவார்கள். அதில் ஓயாமல் வருவது இந்த ஒன்றுதான்: இந்த சீசனில் அதிகம் முன்னேறியவர் யார்?

வள்ளியூர், அம்பாசமுத்திரம், தென்காசிப் பக்கமிருந்து டோர்னமென்டுக்கு வருகிறவர்களும் இதையே கேட்கிறார்கள். அதனால் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டு, எனக்குத் தெரிந்த பதில்களை எழுதியிருக்கிறேன். உதாரணங்களை எல்லாம் முடிந்துபோன சீசன்களில் இருந்தே எடுத்திருக்கிறேன். கணக்கு முழுசாகக் கையில் இருந்தால்தான் அளவுகோல் பிடிபடும். நடப்பு சீசனுக்கு அதை எப்படி வைத்துப் பார்ப்பது என்பது கடைசிக் கேள்வியில் இருக்கிறது.

அண்ணாச்சி, முன்னேறுன பிளேயர்னு தனியா ஒரு பரிசு இருக்காமே, அது என்ன?

இருக்கிறது. "அதிகம் முன்னேறிய வீரர்" என்ற விருதை என்.பி.ஏ. 1985-86 சீசனில் இருந்து கொடுத்துவருகிறது. முதலில் வாங்கியவர் சான் அந்தோனியோ ஸ்பர்ஸ் அணியின் ஆல்வின் ராபர்ட்சன். அவர் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கீழே திரும்ப வருவார். 2022-23இல் இருந்து இந்தக் கோப்பைக்குப் பழைய நட்சத்திரம் ஜார்ஜ் மைக்கன் பெயரை வைத்திருக்கிறார்கள். முதல் விருதில் இருந்து 2025 வரை பார்த்தால் யாரும் இதை இரண்டு முறை வாங்கியதில்லை.

யாரு ஓட்டுப் போடுதா? நாம போடலாமா?

ரசிகர்களுக்கு ஓட்டு கிடையாது. விளையாட்டு எழுத்தாளர்கள், வர்ணனையாளர்கள் என்று சுமார் 100 பேர் ஓட்டுப் போடுவார்கள். ஒவ்வொருவரும் மூன்று பெயர் எழுத வேண்டும். முதல் பெயருக்கு 5 புள்ளி, இரண்டாவதுக்கு 3, மூன்றாவதுக்கு 1. 82 ஆட்டங்கள் கொண்ட வழக்கமான சீசனை மட்டும்தான் கணக்கில் எடுப்பார்கள். அதற்குப் பிறகு சாம்பியனை முடிவுசெய்ய நடக்கும் பிளே-ஆஃபில் ஒருவர் எவ்வளவு பிரமாதமாக ஆடினாலும் இதில் சேராது.

2023-24இல் இருந்து இன்னொரு நிபந்தனையும் உண்டு. குறைந்தது 65 ஆட்டம் ஆடியிருக்க வேண்டும். ஒப்புக்கு இரண்டு நிமிடம் இறங்கிவிட்டு வந்தால் அது ஆட்டக் கணக்கில் வராது. 20 நிமிடமாவது ஆடியிருக்க வேண்டும், இரண்டு ஆட்டங்களுக்கு மட்டும் 15 நிமிடம் வரை சலுகை. நீங்கள் ஒருவர் பெயரைத் தூக்கிக்கொண்டு வருவதற்கு முன்னால் அவர் எத்தனை ஆட்டம் ஆடினார் என்று முதலில் பாருங்கள். பாதி வழக்கு அங்கேயே தீர்ந்துவிடும்.

போன வருசம் ஏழு பாயின்ட் போட்டவன் இந்த வருசம் இருவது போடுதான். அவன்தான முன்னேறுனவன்? இதுல என்ன வழக்கு?

வழக்கு இருக்கிறது. போன வருசம் அவர் எத்தனை நிமிடம் ஆடினார் என்பதைச் சேர்த்துச் சொல்லாமல் ஏழு, இருபது என்று பேச முடியாது. போன பிசானத்துக்கு ஒரு ஏக்கரில் 25 மூடை எடுத்தவர், இந்தப் பிசானத்துக்கு இரண்டு ஏக்கர் போட்டு 50 மூடை எடுத்தால் வயல்தான் கூடியிருக்கிறது, விளைச்சல் அதேதான்.

2011-12இல் ஆர்லாண்டோவின் ரையன் ஆண்டர்சன் இந்த விருதை வாங்கினார். முந்தைய சீசனில் சராசரி 10.6 புள்ளி, அந்த சீசனில் 16.1. பார்க்கப் பெரிய ஏற்றம். ஆனால் அவர் ஆடிய நேரம் 22 நிமிடத்தில் இருந்து 32 நிமிடமாகக் கூடியிருந்தது. நிமிடக் கணக்குக்குக் கொண்டுவந்தால் ஏற்றம் மிகக் கொஞ்சம். நல்ல வீரர்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அவர் முந்தைய வருசமே கிட்டத்தட்ட அப்படித்தான் ஆடிக்கொண்டிருந்தார், பெஞ்சில் அதிக நேரம் இருந்ததால் கண்ணில் படவில்லை.

முப்பத்தாறு நிமிசக் கணக்குன்னு எல்லாரும் சொல்லுதாங்க. அது எப்படிப் போடுதது?

மேலே சொன்ன குழப்பத்தைத் தீர்க்கத்தான் அது. எடுத்த புள்ளியை ஆடிய நிமிடத்தால் வகுத்து 36ஆல் பெருக்க வேண்டும். நல்ல ஸ்டார்ட்டர் (தொடக்கத்திலேயே இறங்கும் ஐவரில் ஒருவர்) ஓர் ஆட்டத்தில் ஏறக்குறைய 36 நிமிடம் ஆடுவார் என்பதால் அந்த எண். ஆண்டர்சனுக்குப் போட்டால் 17.2இல் இருந்து 18.0 ஆகிறது, அவ்வளவுதான். 2015-16இல் வாங்கிய போர்ட்லாந்தின் சி.ஜே. மெக்காலத்துக்குப் போட்டுப் பாருங்கள். அவர் 15.7 நிமிடத்தில் 6.8 புள்ளி எடுத்துக்கொண்டிருந்தவர், 34.8 நிமிடத்தில் 20.8 எடுத்தார். 36 நிமிடக் கணக்கில் 15.6இல் இருந்து 21.5. நேரமும் கூடியது, கையும் கூடியது.

மெக்காலம் விஷயத்தில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2015 கோடையில் போர்ட்லாந்து தன் ஸ்டார்ட்டிங் ஐவரில் நான்கு பேரை இழந்தது. காலி இடத்தில்தான் அவர் வந்தார். சாதாரணமாக ஒருவர் பெஞ்சில் இருந்து ஸ்டார்ட்டராக மாறினால் எதிரணியின் நல்ல டிஃபெண்டர் அவர்மேல் வந்து நிற்பார், களைப்பு கூடும், அதனால் நிமிடக் கணக்கு கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். அவருக்கு இறங்காமல் ஏறியது. அதை நான் உண்மையான முன்னேற்றம் என்று எடுத்துக்கொள்கிறேன்.

டீம் மாறுன உடனே ஒருத்தன் பட்டையைக் கெளப்புதான். அது அவனோட முன்னேத்தமா, கோச்சோட புண்ணியமா?

இந்தக் கேள்விக்குத்தான் அதிகம் சத்தம் வரும். விருது வாங்கியவர்கள் பட்டியலில் அணி மாறியவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். போரிஸ் டியாவ் அட்லாண்டாவில் கார்டாக (வெளியே நின்று பந்தைக் கொண்டுவருகிறவர்) ஆடி 4.8 புள்ளி எடுத்தவர். 2005இல் ஃபீனிக்சுக்குப் போனார். அங்கே அமாரே ஸ்டாடமையருக்கு முழங்காலில் அடி. டியாவை சென்டராக (ரிங்குக்குப் பக்கத்தில் ஆடும் உயரக்காரர்) நிறுத்தினார்கள். சராசரி 13.3 புள்ளி, 6.9 ரீபவுண்ட் (விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது), 6.2 அசிஸ்ட் (கூடையில் முடிகிற பாஸ்). ஒரு கோடைக்குள் அவர் புதுசாகக் கற்றுக்கொண்டதைவிட, பாஸ் கொடுக்கத் தெரிந்த பெரிய உடம்புக்காரர் ஒருவருக்குச் சரியான இடம் கிடைத்ததுதான் பெரிய காரணம் என்பது என் அபிப்பிராயம்.

லாரி மார்க்கனென் கதை வேறு மாதிரி. கிளீவ்லாந்தில் இரண்டு உயரமான வீரர்களோடு சேர்ந்து ஆடியதால் அவர் வேலை பெரும்பாலும் வெளியே நின்று த்ரீ, அதாவது மூன்று புள்ளி ஷாட், போடுவது. 2022இல் டோனவன் மிட்செல் டிரேடில் (அணிகள் வீரர்களை மாற்றிக்கொள்வது) யூட்டாவுக்கு வந்ததும் 14.8 புள்ளியில் இருந்து 25.6க்குப் போனார். நேரம் நாலு நிமிடத்துக்கும் குறைவாகத்தான் கூடியது. அதே கோடையில் ஐரோப்பிய நாடுகள் மோதும் யூரோபாஸ்கெட்டில் பின்லாந்துக்காக ஆடும்போதே ஆட்டத்தை அவர் தோளில் போட்டுச் சுமந்துகொண்டிருந்தார். யூட்டா போவதற்கு முன்பே அந்தத் திறமை கையில் இருந்தது, புது அணி அதற்குக் கதவைத் திறந்தது.

நான் பார்க்கிற விதம் இது: போன வருசம் அவரால் செய்ய முடியாத ஒன்றை இந்த வருசம் செய்கிறாரா, இல்லை செய்ய விடாததைச் செய்கிறாரா? முதலாவது முன்னேற்றம், இரண்டாவது வாய்ப்பு. பெரும்பாலான வீரர்களிடம் இரண்டும் கலந்தே இருக்கும். எது எவ்வளவு என்பதில்தான் நாம் சண்டை போட வேண்டும்.

பாயின்ட் பெருசா போடாதவனுக்கு இந்தப் பரிசு கிடைக்குமா? டிஃபென்ஸ் ஆடுதவனை யாரு பாக்கா?

இந்தக் கேள்வியைக் கேட்டது கோர்ட்டில் முழு நேரமும் எதிராளியின் முன்னால் குனிந்து நிற்கிற ஒரு பையன். அவனுக்கு நான் சொன்ன பெயர் டைசன் டேனியல்ஸ்.

டேனியல்ஸ் ஆஸ்திரேலியாக்காரர். நியூ ஆர்லியன்சில் இரண்டு வருசம் ஆடினார். 2024 கோடையில் டிஜூன்டே மர்ரி டிரேடில் அட்லாண்டாவுக்குப் போனார். 5.8 புள்ளி 14.1 ஆனது. அது நல்ல ஏற்றம்தான், ஆனால் அவருக்கு ஓட்டு விழுந்தது ஸ்டீலுக்காக, அதாவது எதிராளியிடமிருந்து பந்தைப் பறித்ததற்காக. ஆட்டத்துக்கு 3.0 ஸ்டீல், சீசன் முழுக்க 229. ஆட்டத்துக்கு மூன்று ஸ்டீல் சராசரியை அதற்கு முன் கடைசியாக எட்டியவர் 1990-91இல் ஆல்வின் ராபர்ட்சன், அதாவது இந்த விருதை முதன்முதலில் வாங்கிய அதே ஆள். ராபர்ட்சன் 1985-86இல் 301 ஸ்டீல் எடுத்து, அதே வருசம் சிறந்த டிஃபென்ஸ் வீரர் விருதையும் சேர்த்து வாங்கினார். ஆக, இந்த விருது தொடங்கியதே ஸ்டீல் எடுக்கும் கையில்தான். இடையில் பல வருசம் ஓட்டுப் போட்டவர்கள் புள்ளியை மட்டும் பார்த்தார்கள்.

டேனியல்ஸ் ஆடும் ஆட்டம் கிடைத்தால் பந்தை விட்டுவிட்டு அவர் கையை மட்டும் பாருங்கள். எதிராளி பந்தைத் தரையில் தட்டிக்கொண்டு (டிரிபிள்) வரும்போது கை கீழே இருக்கும். பாஸ் போடத் தோள் திரும்பிய உடனே, பந்து கையை விட்டுக் கிளம்பும் முன்னே, விரல்கள் போகிற வழியில் நீண்டிருக்கும். அடித்துப் பிடுங்கி ஃபவுல் வாங்குவது குறைவு, குறுக்கே தட்டிவிட்டு ஓடுவது அதிகம். மேலே சொன்ன 36 நிமிடக் கணக்கை ஸ்டீலுக்கும் போட்டுப் பார்த்தேன்: நியூ ஆர்லியன்சில் 2க்குச் சற்று மேல், அட்லாண்டாவில் 3க்கு மேல். நேரம் கூடியதால் மட்டும் வந்த எண்ணிக்கை அது இல்லை.

த்ரீ நல்லா விழ ஆரம்பிச்சுட்டா முன்னேத்தம்னு எழுதிக்கலாமா சார்?

ஒரு சீசனை மட்டும் வைத்து எழுதாதீர்கள். ஆட்டத்துக்கு நாலு த்ரீ போடுகிறவர் ஒரு சீசனில் ஏறக்குறைய 300 த்ரீ போடுவார். 33 சதவீதத்துக்கும் 36 சதவீதத்துக்கும் உள்ள வித்தியாசம் அதில் வெறும் 9 பந்து. ஒன்பது பந்து ரிங்கில் சுற்றி உள்ளே விழுந்ததை வைத்து ஒருவரைத் தூக்கிவைத்துக் கொண்டாட முடியாது.

ஜூலியஸ் ராண்டலை எடுத்துக்கொள்ளுங்கள். நியூயார்க் நிக்ஸில் 2019-20இல் த்ரீ 27.7 சதவீதம். 2020-21இல் 41.1. புள்ளி 24.1 ஆனது, விருதும் கிடைத்தது. அடுத்த சீசனில் 30.8 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. அந்த ஒரு வருசம் அவர் ஆடியது நிஜம், விருது அந்த வருசத்துக்குத்தான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் "ராண்டல் ஷூட்டராக மாறிவிட்டார்" என்று அன்றைக்கு அடித்துச் சொன்னவர்கள் கொஞ்சம் பொறுத்திருக்கலாம்.

நான் முதலில் பார்ப்பது ஃப்ரீ த்ரோ, ஃபவுலுக்குப் பதிலாகக் கிடைக்கும் ஷாட். முன்னால் டிஃபெண்டர் கிடையாது, தூரம் மாறாது, கூட ஆடுகிறவர் யாராக இருந்தாலும் ஒன்றுதான். பிராண்டன் இங்ரம் லேக்கர்ஸில் கடைசி சீசனில் 67.5 சதவீதம். நியூ ஆர்லியன்சுக்கு வந்து 2019-20இல் 85.1. அந்த சீசனில்தான் விருது. அடுத்து வந்த சீசன்களிலும் 80க்குக் கீழே இறங்கவில்லை. கையெழுத்து மாதிரி அவர் ஷாட்டே திருந்திவிட்டது என்று அடித்துச் சொல்லலாம். அணி மாறியதால் வந்த ஏற்றம் என்று இங்ரமைப் பற்றி யாராவது சொன்னால் இந்த எண்ணைக் காட்டுங்கள்.

ரெண்டாம் வருசத்துப் பையன் வளரத்தான செய்வான்? அவனுக்கு எதுக்குப் பரிசு?

எனக்கும் இந்த எண்ணம் உண்டு. 19, 20 வயதில் லீக்குக்கு வருகிறவர் இரண்டாம் வருசம் உடம்பிலும் ஆட்டத்திலும் தேறுவது எதிர்பார்த்ததுதான். ஆனால் சரித்திரம் என் பக்கம் இல்லை. ராபர்ட்சனே இரண்டாம் வருசத்தில்தான் வாங்கினார். கில்பர்ட் அரீனஸ் 2003இல், மோன்டா எல்லிஸ் 2007இல், இருவரும் இரண்டாம் வருசம்தான்.

2022இல் ஜா மொராண்ட் வாங்கியபோது வழக்கு இன்னும் சூடாக இருந்தது. அவர் 2019 டிராஃப்டில் (அணிகள் புதுமுகங்களை வரிசையாகத் தேர்ந்தெடுப்பது) இரண்டாவதாக எடுக்கப்பட்டவர், முதல் சீசனிலேயே சிறந்த புதுமுகம். 19.1 புள்ளியில் இருந்து 27.4க்குப் போனது பெரிய விஷயம்தான், ஆனால் அவரை எடுத்ததே அதற்காகத்தானே? அவர் வாங்கிய கோப்பையைத் தன் அணித்தோழர் டெஸ்மண்ட் பேனிடம் கொடுத்துவிட்டார் என்ற செய்தி இங்கே பலருக்கு இன்றும் பிடித்த சங்கதி. என் ஓட்டாக இருந்தால் மூன்று சீசன் ஒரே மட்டத்தில் ஆடிவிட்டு நாலாவதில் தாண்டுகிறவருக்கு முதல் இடம் கொடுப்பேன்.

அப்ப வயசானவனுக்குக் கிடைக்காதா?

கிடைத்திருக்கிறது. 1999இல் ஆர்லாண்டோவின் டாரெல் ஆம்ஸ்ட்ராங் வாங்கும்போது அவருக்கு 30 வயது. டிராஃப்டில் யாரும் எடுக்காத ஆள். அதே வருசம் பெஞ்சில் இருந்து இறங்குகிறவர்களுக்கான சிறந்த ஆறாவது வீரர் விருதும் அவருக்கே.

கரி ஒரு வருசம் 30 பாயின்ட் போட்டாரே, அவருக்கு ஏன் கொடுக்கல? பெரிய ஆளுன்னா முன்னேற மாட்டாவளா?

ஸ்டீஃபன் கரி 2014-15இல் மிகச் சிறந்த வீரர் விருது வாங்கிவிட்டு அடுத்த சீசனில் 23.8இல் இருந்து 30.1க்குப் போனார். ஒரே சீசனில் 402 த்ரீ, அதற்கு முந்தைய சாதனை அவருடையதே, 286. எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால் அதைவிடப் பெரிய தாவலைக் காண்பது கஷ்டம். மிகச் சிறந்த வீரர் விருதை எல்லா ஓட்டும் பெற்று வாங்கினார். முன்னேறியவர் விருது மெக்காலத்துக்குப் போனது.

காரணம், இந்த விருதை வளர்ந்துவரும் வீரருக்கென்றே லீக் வைத்திருக்கிறது. உச்சியில் இருப்பவர் இன்னும் ஓர் அடி ஏறுவதை ஓட்டுப் போடுகிறவர்கள் வேறு கணக்கில் வைக்கிறார்கள். ஷே கில்ஜஸ்-அலெக்சாண்டர் 2022-23இல் 24.5இல் இருந்து 31.4க்குப் போய் கடைசி மூவரில் ஒருவராக வந்தார், மார்க்கனென் வாங்கினார். ஷே 2025இல் மிகச் சிறந்த வீரர் ஆனார். என்னைக் கேட்டால் 24இல் இருந்து 31க்கு ஏறுவது 14இல் இருந்து 21க்கு ஏறுவதைவிட ரொம்பக் கஷ்டம். எதிரணி முழுக்க உங்களைத் தடுப்பதற்கென்றே திட்டம் போட்டு இறங்கும்போது ஏற வேண்டும். இந்த இடத்தில் விருதின் எல்லையும் முன்னேற்றத்தின் எல்லையும் ஒன்றில்லை. நீங்கள் எதைப் பற்றி வழக்காடுகிறீர்கள் என்பதை முதலிலேயே பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

அடிபட்டு வருசம் பூரா உக்காந்திருந்தவன் திரும்பி வந்து நல்லா ஆடுனா?

இந்த விருது அதற்கில்லை என்று லீக்கே சொல்லியிருக்கிறது. முன்பு அதற்குத் தனி விருது இருந்தது, 1980-81 முதல் 1985-86 வரை கொடுத்தார்கள். முதலில் வாங்கியவர் பெர்னார்ட் கிங். பிறகு நிறுத்திவிட்டார்கள். ஒருவர் அடிபட்ட வருசத்தோடு ஒப்பிட்டால் யாரும் முன்னேறியவராகத் தெரிவார். அடிபடுவதற்கு முந்தைய நல்ல சீசனோடு ஒப்பிடுங்கள்.

பரிசு வாங்குனவன் அடுத்த வருசம் படுத்துடுதான். ராசி இல்லாத பரிசா இது?

ராண்டல் கதையை மேலே சொன்னேன். அதைப் பார்த்துத்தான் இந்தப் பேச்சு. ஆனால் எதிர்ப்பக்கத்தையும் பாருங்கள். பாஸ்கல் சியாக்கம் 2018-19இல் 7.3இல் இருந்து 16.9க்கு வந்து விருது வாங்கினார், அதே வருசம் டொரான்டோ சாம்பியன். அடுத்த சீசனில் 22.9. ஜிமி பட்லர் 2015இல் வாங்கியபின் பல வருசம் லீக்கின் முன்னணி வீரர்களில் ஒருவராக இருந்தார்.

எல்லோருக்கும் மேலே யானிஸ் அடெடோகூன்போ. 2013இல் 15ஆவதாக எடுக்கப்பட்டபோது வயது 18. முதல் சீசன் 6.8, அப்புறம் 12.7, 16.9. நாலாவது சீசனான 2016-17இல் 22.9. அந்த சீசனில் புள்ளி, ரீபவுண்ட், அசிஸ்ட், ஸ்டீல், பிளாக் ஐந்திலும் மில்வாக்கியில் முதலிடம் அவரே. விருது வாங்கிய பிறகும் 26.9, 27.7, 29.5 என்று ஏறிக்கொண்டே போனார். 2019இலும் 2020இலும் மிகச் சிறந்த வீரர். ராசி பற்றிப் பேசுகிறவர்களுக்கு இந்த ஏழு எண்களையும் வரிசையாகச் சொல்லுங்கள், போதும்.

பொண்ணுங்க லீக்ல இது உண்டாண்ணே? அதைப் பத்தி யாருமே பேச மாட்டேங்கீய.

உண்டு. டபிள்யூ.என்.பி.ஏ.வில் 2000இல் தொடங்கியது, முதலில் வாங்கியவர் நியூயார்க்கின் டாரி பிலிப்ஸ். அந்த லீக் நமக்குக் குற்றாலச் சாரல் மாதங்களில் நடக்கும், என்.பி.ஏ. ஓய்வில் இருக்கிற நேரம். பார்க்காமல் விடுவதற்குக் காரணமே இல்லை.

2025இல் வாங்கிய வெரோனிகா பர்ட்டனைக் கவனியுங்கள். கனெக்டிகட்டில் முந்தைய சீசனில் சராசரி 3.1 புள்ளி. புதிதாகத் தொடங்கிய கோல்டன் ஸ்டேட் அணி அவரை எடுத்து ஆட்டத்தை நடத்தும் பொறுப்பைக் கொடுத்தது. 11.9 புள்ளி, 6 அசிஸ்ட். இங்கே வாய்ப்பும் உண்டு, திறமையும் உண்டு. டியாவ், மார்க்கனென் பற்றி மேலே பேசிய அளவுகோலை இவருக்கு வைத்து நம் பெண் பிள்ளைகள் வழக்காடிப் பார்க்கலாம். 2022இல் வாங்கிய ஜாக்கி யங் முதல் ஆளாக டிராஃப்டில் எடுக்கப்பட்டவர். மொராண்டுக்குச் சொன்ன அதே ஆட்சேபம் அவருக்கும் வரும். ஆனால் வெளியில் இருந்து போட மாட்டார் என்று எதிரணி விட்டுவைத்த அவர், அந்த சீசனில் த்ரீ போடுகிறவராக மாறினார். அதனால் அவருக்குக் கொடுத்தது எனக்குச் சம்மதம்.

டீம் 14 ஆட்டம் ஜெயிச்ச இடத்துல 44 ஜெயிச்சுது. அப்பக்கூட கேட் கன்னிங்ஹாமுக்குக் கொடுக்கலியே, இது அநியாயம் இல்லியா?

கன்னிங்ஹாமின் டெட்ராய்ட் 2023-24இல் தொடர்ந்து 28 ஆட்டம் தோற்ற அணி. அடுத்த சீசனில் 44 வெற்றி. கன்னிங்ஹாம் 22.7இல் இருந்து 26.1 புள்ளி, 7.5இல் இருந்து 9.1 அசிஸ்ட். ஓட்டில் மூன்றாவதாக வந்தார். இரண்டாவது கிளிப்பர்ஸின் இவிட்சா ஸுபாட்ஸ், முதலிடம் டேனியல்ஸ்.

அணி ஜெயிப்பதை நான் சாட்சியாக எடுத்துக்கொள்வேன், தீர்ப்பாக எடுக்க மாட்டேன். டெட்ராய்ட் அந்தக் கோடையில் கோச்சை மாற்றியது, அனுபவசாலிகளைக் கொண்டுவந்தது. 30 வெற்றியையும் ஒருவர் கணக்கில் எழுத முடியாது. கன்னிங்ஹாம் முன்னேறினார், ஆனால் அவர் என்ன செய்வார் என்று முந்தைய வருசமே தெரிந்த வழியில்தான் முன்னேறினார். ஸுபாட்ஸ்தான் எனக்குச் சங்கடம் தருகிற பெயர். ஒன்பதாவது சீசனில், அதே அணியில், 11.7 புள்ளி 9.2 ரீபவுண்டில் இருந்து 16.8 புள்ளி 12.6 ரீபவுண்டுக்குப் போனார். அணி மாறவில்லை, வயதுக் காரணமும் இல்லை. டேனியல்ஸ் அந்த ஸ்டீல் கணக்கைக் காட்டியிராவிட்டால் என் முதல் ஓட்டு ஸுபாட்ஸுக்குத்தான்.

நம்ம பசங்கள்ல யாரு முன்னேறிருக்கான்னு இதே மாதிரி பாக்க முடியுமா?

முடியும், பார்க்கவும் வேண்டும். பள்ளி டோர்னமென்டில் பரிசு கொடுக்கும்போது அதிகப் புள்ளி எடுத்தவனைத்தான் மேடைக்குக் கூப்பிடுகிறோம். டிஃபென்ஸில் தேறிய பையன் கீழே உட்கார்ந்து கை தட்டுகிறான். ஒரு நோட்டில் ஒவ்வொரு பையனுக்கும் ஃப்ரீ த்ரோ, ஸ்டீல், பந்தைப் பறிகொடுத்தது, ஆடிய நிமிடம், இவ்வளவு எழுதினாலே போதும். அடுத்த டோர்னமென்டில் எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இதற்கு நல்ல பயிற்சி ஒன்று, கோப்பைக்குப் பெயர் கொடுத்த மைக்கன் பெயரிலேயே இருக்கிறது. மைக்கன் ஆறடி பத்தங்குல உயரம், காலேஜில் சேர்ந்தபோது தடுமாறி நடக்கிற பையன். டிபால் காலேஜ் கோச் ரே மேயர் அவரைக் கயிறு தாண்ட வைத்தார், நடனம்கூடப் பழக வைத்தார். பயிற்சி இதுதான்: ரிங்குக்கு அடியில் நின்று வலப்பக்கம் வலது கையால் போட வேண்டும், பந்து தரையைத் தொடும் முன் பிடித்து, தட்டாமல் ஓர் அடி வைத்து இடப்பக்கம் இடது கையால் போட வேண்டும், நிற்காமல். நம் பையன்கள் வலப்பக்கம் ஜோராகப் போடுவார்கள். இடப்பக்கம் வந்ததும் முழங்கை மடங்கும், பந்து மெதுவாக வலது கைக்கே நழுவிவிடும். பிடித்த பந்தை மார்புக்குக் கீழே இறக்காமல் தலைக்கு மேலேயே வைத்துக்கொள்ளச் சொன்னால் அந்தத் திருட்டு நின்றுவிடும். ஒரு நிமிடத்தில் இடது கையால் எத்தனை விழுந்தது என்று மாதம் ஒரு தடவை எழுதி வையுங்கள். அந்த எண்ணில் டீமோ, வாய்ப்போ, அதிர்ஷ்டமோ எதுவும் கலக்காது.

அதெல்லாம் சரி. இந்த சீசன்ல யாருன்னு எப்பச் சொல்லலாம்?

நவம்பரில் சொல்லாதீர்கள். சீசன் தொடங்கி முதல் பதினைந்து, இருபது ஆட்டத்தில் யார் வேண்டுமானாலும் 45 சதவீதம் த்ரீ போடுவார்கள். ஜனவரியில் ஒரு சின்னப் பட்டியல் எழுதலாம். பெயருக்கு நேரே போன சீசன் நிமிடம், இந்த சீசன் நிமிடம், 36 நிமிடக் கணக்கு, ஃப்ரீ த்ரோ சதவீதம், இவ்வளவையும் போடுங்கள். முடிந்தால் அதற்கு முந்தைய இரண்டு சீசன்களையும் சேருங்கள், அடிபட்ட வருசம் இருந்தால் அதை அடித்துவிடுங்கள். கடைசியில் ஒரு வரி, போன வருசம் இவரால் முடியாத எதை இவர் இப்போது செய்கிறார் என்று. அந்த வரியை எழுத முடியவில்லை என்றால் பெயரைப் பட்டியலில் இருந்து எடுத்துவிடலாம்.

பிப்ரவரி நடுவில் ஆல்-ஸ்டார் இடைவெளி வரும். அதற்குள் பெரும்பாலானோர் ஐம்பது ஆட்டத்துக்கு மேல் ஆடியிருப்பார்கள். டிரேடுக்கான கடைசி நாளும் முடிந்திருக்கும், யார் எந்த அணியில் என்பதும் தெளிவாகியிருக்கும். பட்டியலை எடுத்துக்கொண்டு அப்போது கோர்ட்டுக்கு வாருங்கள், ஆடி முடித்தபிறகு உட்கார்ந்து பேசலாம்.